மதியம் மழை பெய்யும் ஊரில் மிளகாய் காய வைக்க ஒரு பெட்டி

தங்கச்சி ஒருவர் எழுதிக் கேட்டது இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, தோட்டத்தை ஒட்டிய அரை ஏக்கரில் மிளகாய், வாழை, முருங்கை, பாகல் போட்டிருக்கிறார்கள். ஓரமாக, புளிப்புக் காய் தரும் அசாம் குளுகோர் மரமும் இரண்டு நிற்கிறது. விளைந்தால் எல்லாம் ஒரேயடியாக விளைகிறது. வெயிலில் போட்டால் மதியம் மழை, அள்ளி உள்ளே வைத்தால் மூன்றாம் நாள் பூசணம். கடையில் விற்கிற மின்சார உலர்த்தி ஒன்று வாங்கினால் ஒரு கிலோ மிளகாய்க்கு மேல் பிடிக்காது. வீட்டிலேயே பெரிதாக ஒன்று செய்ய முடியுமா, கெட்டுப்போன ஃபிரிட்ஜை வைத்துச் செய்யலாமா, என்னென்ன சாமான் வேண்டும், கரண்ட் எவ்வளவு இழுக்கும்?

தாராளமாகச் செய்யலாம். நான் செம்பனை ஆலையில் வயர்மேனாக இருந்தவன். இதுவரை நான்கு பெட்டி செய்திருக்கிறேன், அதில் முதலாவது குப்பைக்குப் போனது. சாமான் பட்டியல் கீழே வருகிறது. அதற்கு முன் அந்த முதல் பெட்டி ஏன் கெட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தப்பைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்.

பழைய இரும்பு அலமாரி ஒன்று கிடைத்தது. அடியில் ஹீட்டர், உள்ளேயே காற்றைச் சுற்றிவிட ஒரு ஃபேன். சூடு வெளியே போய்விடக் கூடாது என்று கதவு இடுக்கு, ஆணி ஓட்டை எல்லாவற்றையும் டேப் போட்டு அடைத்தேன். மூன்று கிலோ சிவப்பு மிளகாயைப் பரப்பி, ராத்திரி எட்டு மணிக்குப் போட்டேன். மீட்டர் 60 டிகிரி காட்டியது, நிம்மதியாகப் படுத்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கிறது. அலமாரியின் கூரையில் முத்து முத்தாகத் தண்ணீர், அது சொட்டி மேல் தட்டு முழுக்க ஈரம். மிளகாய் வெந்த மிளகாய் மாதிரி தொளதொளவென்று, ஒரு புளித்த வாடையோடு கிடந்தது.

அப்பா வந்து பார்த்தார். அவர் ரப்பர் தோட்டத்து ஸ்மோக்ஹவுஸில், அதாவது ரப்பர் சீட்டைப் புகைச் சூட்டில் காய வைக்கும் கொட்டகையில், பல வருடம் வேலை செய்தவர். உள்ளே தலையை நீட்டி ஒரு சுற்று பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஜன்னல் எங்கேடா?"

ஸ்மோக்ஹவுஸைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி உடனே புரியும். மெஷினில் பிழிந்த ஈர ரப்பர் சீட்டை மூங்கில் கழியில் தொங்கவிட்டு உள்ளே தள்ளுவார்கள். முதல் நாள் சூடு 50 டிகிரிக்குள்தான் இருக்கும், ஆனால் கூரையில் உள்ள காற்றுப் பலகைகள் முழுக்கத் திறந்திருக்கும். வேண்டியது தண்ணீர் வெளியே போவது. அது போன பிறகு பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, சூட்டை 60 வரை ஏற்றுவார்கள். நான்கைந்து நாளில் வெள்ளைச் சீட்டு தேன் நிறத்துக்கு வந்துவிடும். முதல் நாளே பலகையை மூடிச் சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைத் திட்டு தெரியும். மிளகாய்க்கும் வாழைப்பழத்துக்கும் இதே கதைதான்.

அதனால் பெட்டி செய்யும்போது மனதில் வைக்க வேண்டியது காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான். கணக்காகச் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். நம் ஊர்க் காற்று சாதாரணமாக 30 டிகிரி சூட்டில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கிறது. ராத்திரி 90ஐத் தாண்டிவிடும். அந்தக் காற்றில் இன்னும் தண்ணீரை வாங்க அதிக இடம் இல்லை, அதனால்தான் அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) பரப்பிய மிளகாய் காயாமல் நமத்துப் போகிறது. அதே காற்றை 55 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் இருக்கும் தண்ணீர் அப்படியேதான் இருக்கும், ஆனால் ஈரப்பதம் 21 அல்லது 22 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்று அதிகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். இப்போது அது தாகத்தோடு இருக்கிறது. மிளகாய் மேல் போகும்போது குடிக்கிறது. குடித்து முடித்த காற்றை உள்ளேயே சுற்றவிட்டால் என்ன பயன்? வெளியே தள்ள வேண்டும், புதுக் காற்றைச் சூடாக்கி உள்ளே விட வேண்டும்.

எவ்வளவு காற்று என்றும் பார்த்துவிடலாம். மூன்று கிலோ உரித்த வாழைப்பழத்தைக் காய வைத்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். நம் ஊர்க் காற்றை 55 டிகிரிக்கு ஏற்றினால், ஒரு கிலோ காற்று நடைமுறையில் ஆறேழு கிராம் தண்ணீரைத்தான் தூக்கிக்கொண்டு போகும். அப்படியானால் இரண்டு கிலோ தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 250 முதல் 300 கன மீட்டர் காற்று வேண்டும். பழைய லயத்து வீட்டின் பத்தடிக்குப் பத்தடி அறை பத்தில் இருக்கிற காற்று அவ்வளவும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். இதைக் கேட்ட பிறகு யாரும் டேப் போட்டு இடுக்கை அடைக்க மாட்டார்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

45 சென்டிமீட்டர் அகலம், 40 ஆழம், 80 உயரம். எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒரு ஷீட்டிலேயே எல்லாம் வெட்டி எடுத்துவிடலாம், மிச்சமும் இருக்கும். 12 மில்லிமீட்டர் கனம் போதும். அடியில் 25 சென்டிமீட்டர் ஹீட்டருக்கு. அதற்கு மேல் எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் ஐந்து தட்டு. மேலே மிச்சம் உள்ள இடம் ஈரக் காற்று சேர்ந்து வெளியேற. பிளைவுட்டை ஒட்டும் பசையில் ஃபார்மால்டிஹைட் என்ற ரசாயனம் இருக்கும், சூட்டில் அது வாடை விடும். அதனால் உள்பக்கம் முழுக்க மெல்லிய அலுமினியத் தகடு அடித்துவிடுங்கள். தகடு கிடைக்காவிட்டால் சமையலறை அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டலாம், ஆனால் ஹீட்டர் அறைக்கு மட்டும் தகடுதான் வேண்டும். முடித்ததும் சாப்பாட்டுச் சாமான் எதுவும் வைக்காமல் இரண்டு நாள் சும்மா ஓடவிட்டு வாடையைப் போக்குங்கள்.

தட்டு நகரும் சட்டத்துக்கு மெராந்திக் கட்டை போதும். ரப்பர் மரப் பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். ரப்பர் மரத்தைப் புழு அரிக்காமல் இருக்க போரான் மருந்தில் ஊற வைத்துத்தான் விற்கிறார்கள். மேசை நாற்காலிக்கு அது நல்ல மரம், சாப்பாட்டை ஒட்டி வைக்க நான் அதைப் பயன்படுத்துவதில்லை. அதேபோல் தொழிற்சாலை வாசலில் கிடக்கும், சாமான் அடுக்குகிற பேலட் பலகையை எடுத்தால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி (HT) என்றிருந்தால் வெறும் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைட் என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது, அது வேண்டவே வேண்டாம்.

கெட்டுப்போன ஃபிரிட்ஜை வைத்துச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். சூடு வெளியே போகாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சுவர் சூட்டுக்காகச் செய்ததல்ல, ஹீட்டருக்குப் பக்கத்தில் இளகி வளைந்துவிடும். ஓட்டை போடும்போது காஸ் குழாயில் டிரில் பட்டால் அது வேறு ஆபத்து. அரை நாள் அதிகமானாலும் பரவாயில்லை, பிளைவுட்டிலேயே செய்யுங்கள்.

தட்டுதான் எல்லோரும் கஞ்சத்தனம் பண்ணுகிற இடம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக்கூட்டு வலை துத்தநாகம் பூசியது. வாழைப்பழத்துக்கே அது ஒத்துவராது. அசாம் குளுகோர் துண்டு, எலுமிச்சை, புளிச்சாறு தடவிய எதையும் அதில் வைத்தால் புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். நீங்கள் அசாம் கெப்பிங் (காய வைத்த அசாம் குளுகோர் துண்டு) போடப் போகிறீர்கள், ஆக அது கூடவே கூடாது. கொசுவலைக்கு விற்கும் சாம்பல் நிற வலையைத் தொட்டுப் பாருங்கள். அது ஃபைபர் கிளாஸாக இருந்தால் நாளாக நாளாகக் கண்ணாடி நார் உதிரும். எனக்குச் சரிவந்தது துருப்பிடிக்காத இரும்பு வலை, 304 என்று கேட்டு வாங்க வேண்டும். விலை கூடத்தான். அதற்குப் பணம் போதாவிட்டால் மூங்கில் பிளாச்சில் பின்னிய தட்டு எவ்வளவோ மேல். எங்கள் பாட்டி வடகம் போட்டது மூங்கில் தட்டில்தான். நன்றாகக் கழுவி, பெட்டியிலேயே வைத்துக் காய வைத்து எடுத்தால் வருடக் கணக்கில் உழைக்கும்.

முன்னிருந்து பின் வரை தட்டின் அளவு பெட்டியின் ஆழத்தைவிட நான்கு சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும். முதல் தட்டைப் பின்னால் ஒட்டித் தள்ளுங்கள், முன்னால் இடைவெளி. இரண்டாவதை முன்னால் இழுத்து வையுங்கள், பின்னால் இடைவெளி. இப்படி மாற்றி மாற்றி வைத்தால் காற்று பாம்பு போல வளைந்து ஒவ்வொரு தட்டின் மேலும் ஊர்ந்து போகும். இல்லையென்றால் கிடைத்த சந்தில் நேராக மேலே ஏறிவிடும், நடுவில் இருப்பது பச்சையாகவே இருக்கும்.

ஹீட்டருக்கு முன்பெல்லாம் 100 வாட் குண்டு பல்பு போடுவோம். இப்போது அது கிடைப்பது அரிது. அதற்குப் பதில் கோழிக்குஞ்சு, ஊர்வன வளர்ப்பவர்கள் வாங்கும் செராமிக் ஹீட்டர் பல்பு இருக்கிறது. வெளிச்சம் வராது, சூடு மட்டும் வரும். 100 வாட்டில் நான்கு போதும். கணக்குப் பார்த்தால் மேலே சொன்ன காற்றைச் சூடாக்கவும், பெட்டிச் சுவர் வழியாகப் போகிற சூட்டுக்கும் சேர்த்துச் சராசரி 300 வாட் ஆகிறது; 400 இருந்தால் சற்று மூச்சுவிட இடம் இருக்கும். இந்தப் பல்பைப் பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். பல்புக்கும் மரத்துக்கும் நடுவே குறைந்தது 15 சென்டிமீட்டர் விடுங்கள். பல்புகளுக்கு மேலே ஒரு தகட்டைக் கூரை போலச் சாய்த்து வையுங்கள், பழச்சாறு சொட்டினால் பல்பு மேல் விழக் கூடாது. முடி உலர்த்தும் மெஷினைச் செருகி ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பத்து நிமிடம் ஓடுவதற்காகச் செய்தது, பத்து மணி நேரம் ஓடாது.

ஃபேன் ஹீட்டருக்கு முன்னால் வர வேண்டும். வெளிக்காற்றை இழுத்து பல்புகள் மேல் தள்ளட்டும். மேலே வெளியேறும் வழியில் வைத்தால் சூடும் ஈரமும் பட்டு மோட்டார் சீக்கிரம் போய்விடும். கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய 12 சென்டிமீட்டர் ஃபேன் போதும். 12 வோல்ட் அடாப்டரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒன்று வாங்குங்கள், ஏனென்றால் முழு வேகத்தில் விட்டால் 400 வாட்டால் 55 டிகிரிக்கு ஏற முடியாமல் திணறும். அப்போது வேகத்தைக் குறையுங்கள். அதற்காக ஒரேயடியாகக் குறைத்தால் மறுபடியும் என் முதல் பெட்டிதான்.

காற்று நுழைய பத்து சென்டிமீட்டர் வட்ட ஓட்டை. வெளியேற, எதிர்ப்பக்கம் மேலே, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று. இரண்டிலும் மெல்லிய கம்பி வலை கட்டாயம். பல்லிக்கு இந்தப் பெட்டியைப் போலப் பிடித்த இடம் வேறில்லை. மேல் ஓட்டைக்கு ஒரு தகட்டை இழுத்து மூடுகிற மாதிரி பொருத்துங்கள். இதுதான் அப்பா கேட்ட ஜன்னல். முதல் மூன்று நான்கு மணி நேரம் முழுக்கத் திறந்திருக்கும். பிறகு பாதி. கடைசி இரண்டு மணி நேரத்துக்கு கால் பங்கு போதும், அப்போது வெளியேற ஈரம் அதிகம் இல்லை, கரண்டும் மிச்சம். பெட்டியின் நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் வையுங்கள். முன்பு வலை போட்ட சாப்பாட்டு அலமாரிக்குச் செய்வோமே, அதே முறை. வாழைப்பழ வாசனைக்கு எறும்பு வரிசை கட்டி வரும்.

சூட்டைக் கட்டுப்படுத்த எஸ்.டி.சி 1000 (STC-1000) என்று ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட் ஆன்லைனில் கிடைக்கிறது. 10 ஆம்பியர் தாங்கும், நமக்குத் தேவை இரண்டு ஆம்பியர்கூட இல்லை. அதில் ஹீட்டிங், கூலிங் என்று இரண்டு முனை இருக்கும், ஹீட்டிங்கில் கொடுங்கள். எஃப்1இல் 57, எஃப்2இல் 2 என்று வைத்தால் 55க்கு இறங்கும்போது பல்பு எரியும், 57ல் அணையும். சென்சார் முனையை அடித்தட்டுக்குக் கீழே, தகட்டுக் கூரைக்கு மேலே தொங்கவிடுங்கள். பல்புக்கு நேராக வைத்தால் பல்பின் சூட்டையே காட்டிக்கொண்டு சீக்கிரம் அணைந்துவிடும்.

இனி வரும் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். தெர்மோஸ்டாட்டில் உள்ள ரிலே (ஹீட்டரை ஏற்றி அணைக்கும் உள் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது. அதனால் கே.எஸ்.டி 301 (KSD301) என்ற சின்னத் தெர்மல் சுவிட்ச், 85 டிகிரியில் துண்டிக்கிற வகை, ஹீட்டருக்குப் போகும் லைவ் வயரில் தொடராகப் போட்டு, ஹீட்டர் அறையின் மேல்பக்கத் தகட்டில் பொருத்துங்கள். விலை இரண்டு மூன்று வெள்ளிதான் (ரிங்கிட்). ஃபேன் நின்றுபோனாலும் இதுதான் காப்பாற்றும். ஹீட்டர் அறைக்குள் சாதாரண பி.வி.சி வயர் ஓடக் கூடாது, சிலிக்கான் உறை போட்ட சூடு தாங்கும் வயர் வேண்டும். உள்ளே அடித்த அலுமினியத் தகட்டுக்கும் ஹீட்டர் சட்டத்துக்கும் எர்த் கொடுங்கள். மூன்று பின் பிளக்கைத் திறந்து, 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். ஏதாவது கோளாறு என்றால் வயர் சூடாகும் முன் அது போய்விடும். வீட்டு மெயின் பெட்டியில், கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற லீக்கேஜ் டிரிப் இருக்கும்; அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டாலோ, அஞ்சடியில் புதிதாகப் பிளக் பாயிண்ட் வேண்டுமென்றாலோ பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். பெட்டியைச் சிமெண்டுத் தரையில், திரைச்சீலை, மரச்சுவர் பக்கம் இல்லாமல் வையுங்கள். முதல் இரண்டு மூன்று ஓட்டம் பகலில், நீங்கள் வீட்டில் இருக்கும்போதுதான்.

கரண்டு கேட்டீர்களே. பல்பு அணைந்து அணைந்து எரிவதால் பத்து மணி நேர ஓட்டத்துக்கு மூன்று யூனிட் அளவில் இழுக்கும். உங்கள் பில்லில் இருக்கிற விலையால் பெருக்கிப் பாருங்கள். சாமானுக்கு எனக்குக் கடைசிப் பெட்டியில் 200 வெள்ளி சுற்றி ஆனது, அதில் பெரும்பகுதி இரும்பு வலைக்குத்தான்.

சூரிய வெயிலில் ஓடும் பெட்டி செய்யலாமே என்று கேட்டால், செய்யலாம், ஆனால் நம் பக்கத்தில் தனியாக அதை நம்ப முடியாது. காலையில் பாதி காய்ந்த பொருள் மழைக்குப் பிறகு ராத்திரி முழுக்க ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். காலை வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, மேகம் கூடியதும் மின்சாரப் பெட்டிக்கு மாற்றுவது நல்ல வழி.

இப்போது எதை எப்படிக் காய வைப்பது. கீரை வகை, கறிவேப்பிலை, முருங்கை எல்லாம் 40 டிகிரி சுற்றி. அதற்கு மேல் போனால் பச்சை நிறமும் வாசனையும் போகும். நம் பகல் சூடே 33 என்பதால் 40ல் காற்றின் தாகம் குறைவு, நேரம் எடுக்கும். ஜன்னலை முழுக்கத் திறந்தே வையுங்கள். பழம், காய், மிளகாய்க்கு 55 முதல் 60.

மிளகாயில் கவனம் கூடுதலாக வேண்டும். மிளகாய்த் தோலில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, அது தண்ணீரை விடாது. முழு மிளகாய் ஒரு நாள் முழுக்க எடுக்கும், அதற்கும் மேலும் ஆகும். நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் பாதி நேரம் மிச்சம். கொதி தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தாலும் நிறம் நன்றாக நிற்கும், சீக்கிரம் காயும். பெட்டியைக் கட்டாயம் அஞ்சடியில் வையுங்கள், வெளியேறும் காற்று கண்ணையும் தொண்டையையும் பிடித்துவிடும். பாதி காய்ந்து பூசணம் பிடித்த மிளகாயைத் துடைத்து, வெயிலில் காட்டி அரைத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். மிளகாயிலும் கடலையிலும் வளரும் ஒரு வகைப் பூசணம் அஃப்ளாடாக்ஸின் என்ற விஷத்தை உண்டாக்குகிறது. அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். வறுத்தாலும் அரைத்தாலும் முழுக்கப் போகாது. பூசணம் கண்டால் அந்த மிளகாய் குப்பைக்குத்தான்.

வாழைப்பழம் நன்றாகப் பழுத்தது, ஆனால் குழையாதது. அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்தால் கறுக்காது. பாகற்காயை உப்பும் மோரும் சேர்த்து ஒரு கொதி விட்டு வடித்துப் போடுங்கள், வற்றலுக்கு அதுதான் ருசி. அசாம் குளுகோரை மெல்லியதாகச் சீவினால் பெட்டியில் ஒரே நாளில் முடிந்துவிடும். வெயிலில் அது படும் பாடு உங்களுக்கே தெரியும். எதுவானாலும் ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஒரு தட்டுக்கு 600 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து தட்டில் மூன்று கிலோ. ஆசைப்பட்டு ஐந்து கிலோ திணித்தால் முதல் பாதி ராத்திரியிலேயே புளித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேல் தட்டைக் கீழேயும் கீழ்த் தட்டை மேலேயும் மாற்றுங்கள்; அடியில் காற்று சூடாக, வறண்டு வருகிறது, மேலே போகும்போது களைத்துவிடுகிறது.

மீன், கறி இந்தப் பெட்டியில் வேண்டாம் என்பது என் கருத்து. கறி காய வைப்பதற்கு முன் உள்ளே 71 டிகிரியும், கோழி 74 டிகிரியும் தொட வேண்டும், இல்லையென்றால் கிருமி சாகாமல் வெதுவெதுப்பில் பெருகும். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். கருவாட்டுக்கு உப்புக் கணக்கு வேறு, வாடையும் வலையை விட்டுப் போகாது.

காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கத் தராசுதான் நம்பகமானது. ஒரு தட்டைப் போடும்போதே எடை எழுதி வையுங்கள். ஒரு கிலோ சிவப்பு மிளகாய் 220, 250 கிராமுக்கு வரும். ஒரு கிலோ உரித்த வாழைப்பழம் 300 கிராம் சுற்றி. ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நிறுத்துப் பார்த்து எடை அசையவில்லை என்றால் முடிந்தது. கையாலும் பாருங்கள், ஆனால் ஆறவிட்டுப் பாருங்கள். சூட்டில் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும், பலர் அதைப் பார்த்து இன்னும் ஐந்து மணி நேரம் விட்டுக் கருக்கிவிடுகிறார்கள். ஆறிய வாழைத் துண்டைக் கிழித்து, கிழிந்த இடத்தை இரண்டு விரலால் அழுத்துங்கள். ஈரம் கசியக் கூடாது, தோல் மாதிரி வளைய வேண்டும். மிளகாயைக் காதருகில் ஆட்டினால் விதை சலசலக்க வேண்டும், கிள்ளினால் காம்பு பட்டென்று ஒடிய வேண்டும். முருங்கை இலை கையில் கசக்கினால் பொடியாக வேண்டும்.

எடுத்ததும் வெளியே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள், ஒரு மணி நேரத்திலேயே நம் காற்று ஈரத்தை ஏற்றிவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பாகத்துக்குள் போட்டு மூடுங்கள். ரொட்டி டின், பால்மாவு டின் மூடி எல்லாம் காற்றை அடைக்காது, ரப்பர் வளையம் உள்ள மூடிதான் வேண்டும். பிறகு ஒரு வாரம், பத்து நாள் தினமும் ஒருமுறை பாட்டிலைக் குலுக்குங்கள். துண்டுகளில் சில சரியாகக் காய்ந்திருக்கும், சிலவற்றில் ஈரம் மிச்சமிருக்கும். இந்த நாட்களில் ஈரம் பரவிச் சமமாகிவிடும். பாட்டிலின் உள்சுவரில் பனித்துளி மாதிரி ஏதாவது கண்டால் அன்றைக்கே மறுபடி பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் போட்டு எடுங்கள். அதைத் தள்ளிப்போட்டால் ஒரு பாட்டில் முழுக்கப் போய்விடும்.

முதல் ஓட்டத்துக்கு மிளகாயை எடுக்காதீர்கள். வெறும் பெட்டியை இரண்டு மணி நேரம் ஓட்டி, அடித்தட்டில் ஒரு தெர்மாமீட்டர், மேல் தட்டில் ஒன்று வைத்துப் பாருங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தட்டின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். வெளியேறும் ஓட்டைக்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தால் அது மெல்ல ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் எங்கோ அடைப்பு. இதெல்லாம் சரியாக இருந்தால் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வெட்டிப் போடுங்கள்; தவறினாலும் நஷ்டம் சில வெள்ளிதான், சரியாக வந்தால் பிள்ளைகள் ஆற விடாமலே தட்டைக் காலி பண்ணிவிடுவார்கள். அதற்குப் பிறகு எடை, நேரம், ஜன்னல் எவ்வளவு திறந்திருந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்து, எனக்கும் அனுப்புங்கள். மிளகாய்க்கு எந்த வேகத்தில் ஃபேன் வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.